வடிதாளில் ஒரு சொட்டு

நம்ம கெமிஸ்ட்ரி லேபில் நிக்கல் உப்பு கிடைத்தால் எனக்கு ஒரே சந்தோஷம். வடிதாளில் ஒரு சொட்டு கரைசல், அதன்மேல் ஒரு சொட்டு டிஎம்ஜி, பிறகு அம்மோனியா பாட்டில் வாயருகே லேசாகக் காட்டினால் போதும். குங்குமப் பொட்டு வைத்த மாதிரி சிவந்துவிடும். மார்க் வந்தால் சரி என்று தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு கேண்டீனுக்கு ஓடியவர்களில் நானும் ஒருவன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நைட் ஷிப்ட். கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்க ஹெல்ப்பர் ஏணியில் காலை வைத்துவிட்டார். அழுகிய முட்டை வாடை எதுவும் இல்லை. ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் முதலில் மூக்கைத்தான் மரத்துப்போகச் செய்யும் என்பது புத்தகத்தில் படித்ததுதான். இருந்தாலும் பம்பில் கண்ணாடி டியூபைச் செருகி தொட்டிக் காற்றை இழுத்துப் பார்த்தேன். உள்ளே இருந்த வெள்ளைப் பொடி கடகடவென்று பழுப்பாகி கடைசிக் கோட்டையும் தாண்டியது. ஹெல்ப்பரை மேலே இழுத்துவிட்டோம். கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆனது.

திடப்பொருளின் மேல் வினைபொருளைப் பூசி, நிறம் மாறுவதைப் பார்ப்பது. வடிதாளும் அதேதான், டியூபும் அதேதான். இதை யார் ஆரம்பித்தார் என்று தேடப்போய்க் கிடைத்தவர்தான் ஃபிரிட்ஸ் ஃபைகல். ஆரம்பித்தவர் என்று சொன்னால் தப்பு. 1859லேயே ஹியூகோ ஷிஃப் வெள்ளி கார்பனேட் தடவிய தாளில் யூரிக் அமிலத்தைக் கண்டுபிடித்துக் காட்டியிருந்தார். நம்ம டிஎம்ஜியும் 1905ல் ரஷ்யர் சுகாயெவ் தந்தது. டியூபுக்கும் ஃபைகலுக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. ஆனால் இந்தச் சொட்டு வித்தையை ஒரு முழுப் பாடமாக வளர்த்தவர் அவர்தான்.

1891ல் வியன்னாவில் பிறந்தவர். நம்மைப்போல டெக்னிக்கல் படிப்பு. முதல் உலகப் போரில் ஆஸ்திரிய ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து, 1920ல் சொட்டுச் சோதனைகளை வைத்தே டாக்டர் பட்டம் வாங்கினார். தாளில் விழுந்த சொட்டு நுண்துளைகள் வழியே பரவும், வினையில் உண்டான நிறப்பொருள் மட்டும் நாரைப் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் திரண்டு நிற்கும். அதனால் கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருந்தால்கூட கண்ணுக்குத் தெரிந்துவிடும். எவ்வளவு குறைவாக இருந்தால் தெரியாமல் போகும் என்ற எல்லையையும் ஒவ்வொரு சோதனைக்கும் அளந்து வைத்தார். வெள்ளிக்கு, தாமிரத்துக்கு என்று புதுப்புது கரிம வினைபொருட்கள். 1931ல் புத்தகம் வந்தது.

1938ல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியதும், யூதர் என்பதால் பல்கலைக்கழகப் பதவி பறிபோனது. பெல்ஜியம் போனார். ஜெர்மன் படை அங்கேயும் வந்தது. பிரான்சில் முகாமில் அடைபட்டார். அங்கிருந்த பிரேசில் தூதர் சோசா டான்டாஸ், மேலிடத்து உத்தரவை மீறிப் பலருக்கு விசா கொடுத்த மனிதர். அந்த விசாவில்தான் 1940ல் ஃபைகல் குடும்பத்தோடு ரியோ டி ஜெனிரோ சேர்ந்தார்.

அரசாங்கத்தின் கனிம ஆய்வகத்தில் இடம் கிடைத்தது. ஐம்பதை நெருங்கும் வயது, புது பாஷை. பெரிய கருவி எதையும் நம்பிய ஆராய்ச்சியாக இருந்திருந்தால் வியன்னாவோடு முடிந்திருக்கும். இவருக்குத் தேவை தாள், சொட்டுக் குழாய், பீங்கான் தட்டு, அவ்வளவுதானே. விற்காத காபியை பிரேசில் எரித்துக்கொண்டிருந்த காலம் அது. காபியிலிருந்து காஃபின் எடுக்கும் வேலையையும் பார்த்தார். 1944ல் பிரேசில் குடிமகன் ஆனார்.

1971ல் ரியோவிலேயே காலமானார். கனிமச் சோதனைப் புத்தகத்தின் ஆறாம் பதிப்பு மறு வருஷம் வெளிவந்தது. அதில் அவரோடு சேர்த்துப் போட்டிருக்கும் பெயர் வின்சென்ஸ் ஆங்கர், பழைய வியன்னா சகா.