தாயார் தொடங்கி வைத்த படிப்பு: காயிதே மில்லத் (ரஹ்)



கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீது உண்டாவதாக.

பிள்ளையின் படிப்புக்குப் பெற்றோர் என்ன செய்ய வேண்டும்? நம் தமிழகத்தில் வாழ்ந்த ஒரு தலைவரின் வாழ்விலிருந்து இன்று பார்ப்போம்.

காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் (ரஹ்) அவர்கள் 1896 ஜூன் 5 அன்று திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தார்கள். தந்தை மியாகான் ராவுத்தர் வியாபாரி, மார்க்கம் கற்ற மவ்லவி. மகன் சிறு பிள்ளையாக இருக்கும்போதே தந்தை வஃபாத்தாகிவிட்டார்கள்.

எத்தனையோ வீடுகளில் இத்தோடு படிப்பு நின்றுபோகும். அந்த வீட்டில் நிற்கவில்லை. குர்ஆனையும் அரபியையும் தாயாரே மகனுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஓதியது போதும் என்று உலகக் கல்வியும் விடப்படவில்லை. திருநெல்வேலியில் சி.எம்.எஸ். கல்லூரி, ம.தி.தா. இந்துக் கல்லூரி, திருச்சியில் புனித ஜோசப் கல்லூரி, பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி என்று படிப்பு தொடர்ந்தது. எங்கே படித்தாலும் ஈமான் அசையவில்லை. அதன் அஸ்திவாரம் வீட்டிலேயே போடப்பட்டிருந்தது.

1920-ல் ஒத்துழையாமை இயக்கம் அழைத்தபோது, பி.ஏ. தேர்வு எழுதாமல் வெளியேறினார்கள். பட்டம் போனது, கற்ற கல்வி போகவில்லை. அரசியல் நிர்ணய சபையில் தமிழின் தொன்மையை எடுத்துச் சொன்னார்கள். மஞ்சேரி மக்கள் 1962, 1967, 1971 என மூன்று முறை அவர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். சமுதாயப் பிள்ளைகளுக்குக் கல்லூரிகள் உருவாகவும் பாடுபட்டார்கள். 1972 ஏப்ரல் 5 அன்று வஃபாத்தாகி, சென்னை வாலாஜா பள்ளிவாசலில் அடக்கமானார்கள்.

சகோதரர்களே! இப்போது நம் திருவண்ணாமலைக்கு வருவோம். பௌர்ணமி வந்தால் ஊரில் கூட்டம், கடையில் வியாபாரம். கைக்கு ஆள் வேண்டும் என்று பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் கல்லாவில் உட்கார வைக்கிறோமா இல்லையா? ஒரு நாள்தானே என்கிறோம். பௌர்ணமி மாதாமாதம் வருகிறது. தவறிய பாடத்தை யார் சொல்லிக்கொடுப்பது?

ஃபீஸ் கட்டியதோடு கடமை முடியவில்லை. மஃரிபுக்குப் பிறகு செல்போனை ஓரமாக வைத்துவிட்டு, பிள்ளையின் பக்கத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். படிக்கத் தெரியாத தாயும், இன்று என்ன படித்தாய் என்று கேட்கலாம். ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். பெண் பிள்ளையின் படிப்பையும் பாதியில் நிறுத்தாதீர்கள். காயிதே மில்லத் பெயரில் சென்னையில் அரசு மகளிர் கல்லூரியே நடக்கிறது.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அதற்குத் துணைநிற்கும் பொறுமையை நமக்கும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக! ஆமீன்.