ஓடிக் களைத்த பாதுஷா

டெல்லியில் நிஜாமுதீன் தர்காவுக்கு அருகே ஒரு பெரிய தோட்டம். அதன் நடுவே செங்கல் நிறக் கற்களாலும் வெள்ளைப் பளிங்காலும் ஆன மாளிகை நிற்கிறது. உயரம் 47 மீட்டர். தாஜ்மகாலுக்கு முன்னோடி இதுதான்.

இதனுள்ளே உறங்குபவர் உமாயூன். உயிரோடு இருந்தபோது ஓர் இடத்தில் நிம்மதியாக உறங்கக் கொடுத்துவைக்காதவர்!

துருத்தி காத்த உயிர்

மொகலாய சாம்ராஜ்யத்தை நிறுவிய பாபரின் மூத்த மகன் உமாயூன். 1508-ல் காபூலில் பிறந்தார். 1530-ல் தந்தை இறந்ததும் பட்டத்துக்கு வந்தார். அப்போது வயது 22.

புத்தகமும் வான சாஸ்திரமும் அவருக்கு உயிர். ஆனால் எதிரியோ ஷெர்கான். போர்த் தந்திரத்தில் புலி!

1539-ல் கங்கைக் கரையில், சௌசா என்ற இடத்தில் உமாயூன் பாசறை அமைத்திருந்தார். ஷெர்கானின் படை திடீரென்று பாய்ந்தது. மொகலாயப் படை சிதறியது. உமாயூன் ஆற்றில் குதித்தார். மூழ்கும் நேரத்தில், நிஜாம் என்ற தண்ணீர் சுமப்பவன் காற்று ஊதிய தோல் துருத்தியைக் கொடுத்துக் கரை சேர்த்தான். நன்றி மறவாத உமாயூன் பிறகு அவனைச் சிறிது நேரம் தம் சிம்மாசனத்திலேயே உட்கார வைத்தார்.

பாதுஷா பிழைத்தார். ஆனால் அந்தக் குழப்பத்தில் அவருடைய சிறு மகள் காணாமல் போனாள். மூத்த மனைவி பேகா பேகம் எதிரியின் கையில் சிக்கினார். ஷெர்கான் அவரை மரியாதையாக நடத்தித் திருப்பி அனுப்பினார்.

பாலைவனத்தில் பிள்ளை

மறு ஆண்டு கன்னோசியிலும் தோல்வி. நாடு போயிற்று. தம்பி காம்ரான் உதவ மறுத்தார். உமாயூன் சிந்துப் பாலைவனத்தில் அலைந்தார்.

1542-ல் அமரக்கோட்டையில் ஓர் இந்து அரசர் அடைக்கலம் கொடுத்தார். அங்கே இன்னொரு மனைவி ஹமீதா பானு ஒரு மகனைப் பெற்றார். அந்தக் குழந்தைதான் அக்பர்!

ஒரு வயதே ஆன அந்தப் பிள்ளையையும் விட்டுவிட்டுப் பாரசீகத்துக்கு ஓட நேர்ந்தது. பாரசீக மன்னர் படை கொடுத்தார். 1545-ல் காந்தகாரும் காபூலும் கைக்கு வந்தன. மகனும் திரும்பக் கிடைத்தான். 1555-ல் டெல்லியையும் பிடித்தார். இழந்த நாட்டை மீட்கப் பதினைந்து ஆண்டுகள்!

படிக்கட்டில் முடிந்தது

ஆனால் அனுபவிக்கக் கிடைத்தது சுமார் ஆறு மாதம்தான். 1556 ஜனவரியில் ஒரு மாலை, பழைய கோட்டையில் உள்ள நூலகக் கட்டிடத்தின் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தார். தொழுகை அழைப்பு கேட்டது. அங்கேயே மண்டியிட முயன்றார். அங்கி காலில் சிக்கியது. உருண்டு விழுந்தார். சில நாளில் உயிர் பிரிந்தது.

இறந்த பிறகும் அமைதி இல்லை. ஹேமுவின் படை டெல்லியை நெருங்கவே, அவரது உடலைத் தோண்டி எடுத்துச் சர்ஹிந்துக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று.

மனைவி தந்த வீடு

அவருக்கு நிலையான ஓர் இடம் தந்தவர், சௌசாவில் சிறைப்பட்ட அதே பேகா பேகம்தான். மெக்கா யாத்திரை சென்று வந்ததால் ஹாஜி பேகம் என்று பெயர் பெற்றார். பாரசீகச் சிற்பி மீராக் மிர்சா கியாஸை வரவழைத்தார். 1570-ம் ஆண்டையொட்டிக் கட்டிடம் முடிந்தது. நாலு பாகமாகப் பிரித்த தோட்டம். நடுவே ஓடும் வாய்க்கால்கள். சொர்க்கத்தின் சாயல் என்பது கருத்து.

ஓட்டம் மட்டும் அந்த வம்சத்தை விடவில்லை. 1857-ல் கடைசிப் பாதுஷா பகதூர் ஷா இங்கேதான் ஒளிந்திருந்து பிரிட்டிஷாரிடம் பிடிபட்டார். ரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்ட அவர், 1862-ல் அங்கேயே இறந்தார். 1947-ல் நாடு பிரிந்தபோது, வீடிழந்த அகதிகள் இந்தத் தோட்டத்தில்தான் தங்கினார்கள்.

வறண்டு கிடந்த வாய்க்கால்கள் சீர் செய்யப்பட்டு, 2003 முதல் மீண்டும் தண்ணீர் ஓடத் தொடங்கியது. கங்கையில் மூழ்கப் பார்த்த பாதுஷாவைச் சுற்றி இப்போது ஓடுவது, மனைவி அமைத்துக் கொடுத்த நீரோடை.