சிந்தனைச் சிற்பி சிங்காரவேலர்

பிறர் வகுத்த பாதையில் நடப்பது எளிது. பாதை சரிதானா என்று கேட்டபின் அடியெடுத்து வைப்பது அரிது. அவ்வாறு கேட்போருக்குத் துணை குறைவு, இன்னலோ மிகுதி. அத்தகையோருள் தலையாயவர் சிந்தனைச் சிற்பி எனப் போற்றப்படும் ம. சிங்காரவேலர் ஆவார். சமயத்தை ஏற்காத அவர், சமயத்தை மறுத்தவர்கள் சொன்னார்கள் என்பதற்காகவும் எதையும் ஏற்றாரல்லர். நாட்டு விடுதலைக்கு உழைத்த அவர், தலைவர் சொன்னார் என்பதற்காகத் தலையாட்டினாரல்லர்.

பிறப்பும் கல்வியும்

சிங்காரவேலர் 1860ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 18ஆம் நாள் சென்னை அயோத்திக்குப்பத்தில் மீனவர் குடும்பத்தில் தோன்றினார். மாநிலக் கல்லூரியில் பயின்று பி.ஏ. பட்டம் பெற்றார். பின்னர்ச் சட்டம் பயின்று, 1907ஆம் ஆண்டு வழக்கறிஞரானார். வருவாயில் பெரும்பகுதி நூல்களாக மாறியது. தென்கடற்கரைச் சாலையில் இருந்த அவருடைய இல்லம் ஒரு நூலகமாகவே விளங்கிற்று.

இளமையில் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது பௌத்தம். பேராசிரியர் இலட்சுமி நரசு முதலியோருடன் கூடிப் பௌத்தக் கருத்துகளைப் பரப்பினார். ஆயினும் அவர் புத்தரிடம் கண்டது வழிபடத்தக்க தெய்வத்தை அன்று. ஆராய்ந்து ஏற்கச் சொன்ன அறிவாளியை. ஆதலின் ஆராய்ச்சி வளர வளர அவர் சமய எல்லையைக் கடந்து, அறிவியலையே துணையாகக் கொண்டார். தாம் விரும்பிய ஒன்றையும் விட்டுவைக்காமல் வினவினார் என்பதே இங்குக் கருதத்தக்கது.

அரசியலில் தனி வழி

காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது, 1921ஆம் ஆண்டு, வழக்கறிஞர் அங்கியைத் தீயிலிட்டு நீதிமன்றத்தைத் துறந்தார். அப்போது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. இவ்வளவு ஈகம் செய்தவர் காந்தியடிகளின் கருத்து அனைத்தையும் ஏற்றாரா? இல்லை. அதே ஆண்டில், உழவர், தொழிலாளர் நிலை குறித்து அவருக்கே திறந்த மடல் எழுதினார். 1922இல் கயையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் தம்மைப் பொதுவுடைமையாளர் என வெளிப்படையாக அறிவித்தார். உழைப்போருக்குச் சோறு தராத விடுதலை முழு விடுதலை ஆகாது என்பது அவர் துணிபு.

1923ஆம் ஆண்டு மே முதல் நாள் சென்னைக் கடற்கரையில் தொழிலாளர் நாளைக் கொண்டாடினார். இந்தியாவில் மே தினம் கொண்டாடப்பட்டது அதுவே முதன்முறை என்பர். 1925 டிசம்பரில் கான்பூரில் கூடிய முதல் இந்தியப் பொதுவுடைமை மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார்.

நம் விருத்தாசலச் சந்திப்பின் இருப்புப்பாதைகளை அமைத்தது அந்நாளைய தென்னிந்திய இரயில்வே. அந்நிறுவனத் தொழிலாளர் ஆட்குறைப்பை எதிர்த்து 1928 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்தனர். அதில் முன்னின்ற சிங்காரவேலருக்கு 68ஆம் வயதில் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது, 1930இல் விடுதலையானார். முதுமையும் நோயும் வாட்டியும் அவர் மன்னிப்புக் கேட்டு வெளிவரவில்லை.

சமயம் பற்றிய ஆராய்ச்சி

சிறைமீண்ட பின்னர்த் தந்தை பெரியாரின் ‘குடி அரசு’ இதழில் தொடர்ந்து எழுதினார். டார்வினின் உயிர்மலர்ச்சிக் கொள்கை, ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கை, வானியல், உளவியல் ஆகியவற்றை எளிய தமிழில் விளக்கினார். பேய், சோதிடம், சகுனம் என்பவற்றை மறுக்க அவர் எடுத்த கருவி வசைமொழி அன்று, சான்று. மக்களின் அச்சமும் வறுமையும் அறியாமையுமே மூடநம்பிக்கையின் விளைநிலம் என்றும், அந்நிலம் மாறாமல் பயிர் மாறாது என்றும் கருதினார்.

நம் ஊரை அடுத்த மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பருக்குப் பிராது எழுதிக் கட்டும் வழக்கத்தை யாவரும் அறிவோம். சிங்காரவேலர் காட்டிய நெறியில் நின்று நோக்குவோர்க்கு இரு வினாக்கள் எழும். அத்தாள் குறையைத் தீர்த்தது என்பதற்குச் சான்று யாது? அக்குறையைக் கேட்டுத் தீர்க்க வேண்டிய மன்றம் ஏன் கேட்கவில்லை? முதல் வினாவோடு நிற்பவர் வெறும் மறுப்பாளர். இரண்டாம் வினாவையும் கேட்பவரே சிந்தனையாளர்.

நண்பரோடும் மாறுபட்டார்

சோவியத் நாட்டுப் பயணம் முடித்துப் பெரியார் திரும்பியபின், 1932 டிசம்பரில் ஈரோட்டில் ஒரு புதிய வேலைத்திட்டம் வகுக்கப்பட்டது. அதன் உருவாக்கத்தில் சிங்காரவேலரின் பங்கு பெரிது. ஆனால் 1934இல் அரசு பொதுவுடைமைக் கட்சியைத் தடை செய்தது. அடக்குமுறைக்கிடையே தம் இயக்கத்தைக் காக்க விழைந்த பெரியார், பொதுவுடைமைப் பிரசாரத்தை நிறுத்தி நீதிக்கட்சியை ஆதரிக்கும் வழியை மேற்கொண்டார். சிங்காரவேலர் அதற்கு உடன்படவில்லை. கடவுள் மறுப்பில் ஒன்றுபட்டோர் அரசியலில் வேறுபடக்கூடாதா? வேறுபட்டார், காரணம் காட்டி எழுதினார். 1935இல் ‘புது உலகம்’ என்னும் இதழைத் தொடங்கித் தம் பணியைத் தொடர்ந்தார்.

இதனால் அவர் இழந்தவை பல. காங்கிரசார்க்கு அவர் நாத்திகர்; அரசுக்குக் கலகக்காரர்; சீர்திருத்தத் தோழர் சிலருக்கோ வளைந்து கொடுக்காத முதியவர். பெருங்கூட்டத்தின் நடுவே வாழ்ந்திருக்க வேண்டியவர், இறுதிக் காலத்தைப் பெரும்பாலும் நூல்களின் நடுவே கழித்தார். 1946 பிப்ரவரி 11ஆம் நாள் மறைந்தார். நாடு விடுதலை பெறுவதைக் காண அவருக்கு வாய்க்கவில்லை. சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டடம் சிங்காரவேலர் மாளிகை என இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மாணவ நண்பர்களே! சூளையில் வெந்த பின்னரே பீங்கானின் தரம் தெரியும் என்பதை இவ்வூரார்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. கருத்துக்கும் அத்தகைய சூளை வேண்டும். பகைவர் கருத்தை அதில் இட்டுப் பார்ப்பது எவர்க்கும் எளிது. நாம் போற்றும் தலைவரின் கருத்தையும், நம் சொந்தக் கருத்தையும் அதே சூளையில் இடும் துணிவே சிங்காரவேலர் நமக்கு விட்டுச்சென்ற செல்வம். அத்துணிவைப் பெறுவோமாக!