தங்கத் தட்டில் சாப்பிட்ட பாகவதர் சிறைக்குப் போன கதை!

மரக்காணம்:-

மாசக்கணக்கில் பாத்தி கட்டி விளைய வைத்த உப்பு, ஒரே மழையில் கரைந்து போகும். மரக்காணம் உப்பளத்துக்காரர்களுக்கு இது தெரிந்த சங்கதி.

எம்.கே.தியாகராஜ பாகவதர் வாழ்க்கையும் அப்படித்தான் கரைந்தது.

மாயவரத்தில் பிறந்து திருச்சியில் வளர்ந்தவர். 1934-ல் "பவளக்கொடி" படத்தில் நடித்தார். அந்தக் குரலுக்கு ஊரே மயங்கியது. வாலிபர்கள் "பாகவதர் கிராப்பு" வைத்துக்கொண்டு திரிந்தார்கள். அவர் தங்கத் தட்டில் சாப்பிட்டதாக இன்றைக்கும் பேசுவார்கள்.

1944 தீபாவளிக்கு "ஹரிதாஸ்" வந்தது. சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது.

கொலை வழக்கு

அதே வருஷம் நவம்பரில் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் செத்துப்போனார்.

டிசம்பரில் பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டார்கள். 1945-ல் இருவருக்கும் ஆயுள் தண்டனை!

தியேட்டரில் பாகவதரைப் பார்க்க ஜனங்கள் முண்டியடித்தார்கள். பாகவதரோ கம்பிக்குப் பின்னால் இருந்தார்.

லண்டன் பிரிவி கவுன்சில் வரை அப்பீல் போனது. அங்கிருந்து வழக்கு திரும்பி வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை ஆனார்கள்.

பழைய மவுசு இல்லை

வெளியே வந்தவருக்கு சினிமா கைகொடுக்கவில்லை. 1948-ல் எடுத்த சொந்தப் படம் "ராஜமுக்தி" ஓடவில்லை. அடுத்து வந்த படங்களும் அப்படியே. சர்க்கரை வியாதி வாட்டியது. கண் பார்வையும் மங்கியது.

1-11-1959-ல் சென்னை பொது மருத்துவமனையில் காலமானார். வயது 49.

குற்றவாளி இல்லை என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. ஆனால் சிறையில் போன இரண்டு வருஷத்தையும், போன நிம்மதியையும் எந்தக் கோர்ட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. தங்கத் தட்டு இருந்து என்ன பயன்?