நூலகத் தந்தை ரங்கநாதன்

நாம் நூலகத்திற்குள் செல்கிறோம். அலமாரிகளின் நடுவே நடக்கிறோம். விரும்பிய நூலை நம் கையாலேயே எடுத்துப் புரட்டிப் பார்க்கிறோம். பிடித்திருந்தால் வீட்டிற்கும் கொண்டு செல்கிறோம். இது நமக்கு மிக எளிய செயலாகத் தோன்றுகிறது. ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன் நிலைமை வேறு. நம் நாட்டு நூலகங்கள் பலவற்றில் நூல்கள் பூட்டிய அலமாரிகளுக்குள் உறங்கின. நூலகர் என்றால் சாவி வைத்திருப்பவர் என்றே மக்கள் எண்ணினர். நூல் தொலையாமல் இருந்தால் போதும். அதை யாரேனும் படிக்கிறார்களா என்று கேட்பார் இல்லை. இந்நிலையை மாற்றத் தம் வாழ்நாளையே தந்தவர், இந்திய நூலக இயலின் தந்தை என்று போற்றப்படும் சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன். ஆனால் அந்தப் பணியை அவர் முதலில் விரும்பவே இல்லை என்பதுதான் வியப்பு.

இளமையும் கல்வியும்

ரங்கநாதன் 1892 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அன்றைய தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் பிறந்தார். தந்தையார் இராமாமிர்த ஐயர். தாயார் சீதாலட்சுமி அம்மாள். ஆறாம் வயதிலேயே தந்தையை இழந்தார். போதாக்குறைக்கு அவருக்குத் திக்குவாய் வேறு இருந்தது. வகுப்பில் எழுந்து ஒரு விடை சொல்வதற்குள் நம்மில் பலருக்கு நா வறண்டு விடுகிறது. திக்குவாயுள்ள சிறுவனுக்கு அது எவ்வளவு பெரிய சோதனையாக இருந்திருக்கும்! அவர் அதற்காகச் சோர்ந்து விடவில்லை.

சீர்காழியில் பள்ளிக் கல்வியை முடித்துச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்தார். 1913 இல் பி.ஏ. பட்டமும் 1916 இல் கணிதத்தில் எம்.ஏ. பட்டமும் பெற்றார். அங்கே அவருக்குக் கணிதம் கற்பித்த எட்வர்டு ராஸ் என்னும் பேராசிரியர் அவருடைய வாழ்நாள் வழிகாட்டி ஆனார். பின்னர்ச் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்று, 1917 முதல் மங்களூரிலும் கோயம்புத்தூரிலும், அதன்பின் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். பேசத் தடுமாறிய சிறுவன் பேசியே பிழைக்கும் ஆசிரியத் தொழிலைத் தேர்ந்துகொண்டதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

விரும்பாத வேலை

1924 ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் அவரைத் தன் முதல் நூலகராக நியமித்தது. நண்பர்களின் தூண்டுதலாலும் ஊதியம் கூடுதல் என்பதாலும் விண்ணப்பித்திருந்தாரே தவிர, நூலகத் தொழிலைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. நேர்முகத் தேர்விற்குச் சில நாள்களுக்கு முன் கலைக்களஞ்சியத்தில் படித்த ஒரு கட்டுரையே அவருடைய மூலதனம்!

வேலையில் சேர்ந்தவருக்கு ஏமாற்றமே காத்திருந்தது. வகுப்பறையில் எந்நேரமும் மாணவர் சூழ இருந்தவர், இங்கே ஆளரவமற்ற அறையில் தனியே அமர்ந்திருந்தார். நூல்கள் இருந்தன, வாசகர்கள் இல்லை. சில நாள்களிலேயே மனம் வெறுத்து, மாநிலக் கல்லூரி முதல்வரிடம் சென்று பழைய வேலையைத் திரும்பக் கேட்டார். இங்கிலாந்து சென்று நூலகப் பயிற்சி பெற்று வரட்டும். அதன் பிறகும் பிடிக்காவிட்டால் கல்லூரிக்குத் திரும்பலாம் என்று முடிவாயிற்று. அரை மனத்தோடு கப்பலேறினார்.

இலண்டனில் பிறந்த எண்ணம்

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகப் பள்ளியில் சேயர்ஸ் என்னும் பேரறிஞரிடம் பயின்றார். நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களை நேரில் சென்று கண்டார். அங்கே தொழிலாளரும் இல்லத்தரசியரும் சிறு குழந்தைகளும் நூலகத்திற்கு வந்து போவதைப் பார்த்தார். நம் நாட்டில் ஆளில்லாத நூலகம். அங்கே மக்கள் நடமாடும் நூலகம். இந்த வேறுபாடு அவர் உள்ளத்தைத் தைத்தது. ஒரு நாட்டை உயர்த்தும் ஆற்றல் நூலகத்திற்கு உண்டு என்று அன்று உணர்ந்தார்.

ஒரு நாள் ஒரு பெரிய அங்காடியில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். அதே உலோகத் துண்டுகளையும் திருகாணிகளையும் வெவ்வேறு விதமாகப் பூட்டி, வெவ்வேறு பொம்மைகளை விற்பனையாளர் செய்து காட்டினார். கணித ஆசிரியரின் மூளையில் மின்னல் வெட்டியது. அக்காலத்தில் நூல்களை வகைப்படுத்த, முன்பே அச்சிட்ட பட்டியலிலிருந்து ஓர் எண்ணைத் தேடித் தருவது வழக்கம். பட்டியலில் இல்லாத புதுப்பொருள் பற்றி ஒரு நூல் வந்தால் நூலகர் திண்டாடுவார். பொம்மையைப் போலவே எண்ணையும் துண்டு துண்டாகச் சேர்த்து அமைத்தால் என்ன என்று ரங்கநாதன் சிந்தித்தார். நுரையீரலைப் பற்றும் காசநோய் குறித்து ஒரு நூல் இருப்பதாகக் கொள்வோம். மருத்துவத்திற்கு ஒரு குறி, நுரையீரலுக்கு ஒரு குறி, காசநோய்க்கு ஒரு குறி. இவற்றை இணைத்தால் அந்நூலுக்கு உரிய எண் கிடைத்துவிடும். குறிகளை இணைக்க அவர் முக்காற்புள்ளியைப் பயன்படுத்தியதால் இதற்குக் கோலன் பகுப்பு முறை என்று பெயர் வந்தது. 1933 இல் இது நூலாக வெளிவந்து உலக அறிஞர்களின் கவனத்தை ஈர்த்தது.

ஐந்து விதிகள்

1925 இல் தாயகம் திரும்பியவர் கல்லூரி வேலையை மறந்தே போனார். பல்கலைக்கழக நூலகத்தில் வாசகர்களே அலமாரிக்குச் சென்று நூலெடுக்க வழி செய்தார். தேடி வருவோர்க்கு உதவ ஆள்களைப் பழக்கினார். 1928 இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றக் காரணமானார். அடுத்த ஆண்டே நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்பும் தொடங்கிற்று.

ஆயினும் ஒரு கேள்வி அவரை வாட்டியது. கணிதத்திற்கு அடிப்படை விதிகள் உள்ளனவே, நூலகத் தொழிலுக்கு அவை எவை? 1928 இல் தம் பழைய ஆசிரியர் ராஸிடம் இதைச் சொல்லி வருந்தினார். நூல்கள் பயன்படுவதற்கே என்பதுதானே உன் முதல் விதி என்று ஆசிரியர் போகிற போக்கில் சுட்டிக் காட்டினாராம். அடைபட்ட கதவு திறந்தது. மற்ற நான்கு விதிகளும் வரிசையாக வந்தன. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் போன்றது. இவ்வைந்து விதிகளும் 1931 இல் நூலாயின. இன்றும் உலகெங்கும் நூலக மாணவர்கள் இவற்றையே முதற்பாடமாகக் கற்கின்றனர்.

வண்டியும் சட்டமும்

நகரத்தில் உள்ளோர்க்கு மட்டும் நூல் கிடைத்தால் போதுமா? சிற்றூர் மக்கள் என்ன செய்வார்கள்? 1931 இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு செல்லும் நடமாடும் நூலகம் தொடங்கப்பட்டது. ஆனால் நல்ல மனம் படைத்தோரின் கொடையை மட்டும் நம்பி நூலகங்கள் நிலைக்க முடியாது என்பதை ரங்கநாதன் அறிந்திருந்தார். சட்டம் வேண்டும், நிலையான வருமானம் வேண்டும் என்று 1930 முதல் இடைவிடாது வற்புறுத்தினார். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1948 இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. இந்திய மாநிலங்களுள் இத்தகைய சட்டம் கண்டது நம் மாநிலமே முதலாவது. வீட்டு வரியோடு சிறு தொகை நூலக வரியாகச் சேர்ந்தது. நம் ஊர்க் கிளை நூலகத்தின் நூல்களில் நம் பெற்றோர் செலுத்திய காசும் இருக்கிறது.

இருபது ஆண்டுகள் சென்னையில் உழைத்தபின் காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் தில்லிப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். 1956 இல் ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு வழங்கி, தம் துணைவியார் சாரதா அம்மாளின் பெயரால் நூலக இயல் பேராசிரியர் பதவி அமையச் செய்தார். 1957 இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1962 இல் பெங்களூரில் ஆவணவியல் ஆய்வு, பயிற்சி மையத்தை நிறுவினார். 1972 செப்டம்பர் 27 அன்று அந்நகரிலேயே மறைந்தார். ஆகஸ்டு 12 ஆம் நாள் தேசிய நூலகர் நாளாக அவர் நினைவில் கொண்டாடப்படுகிறது.

நாம் கற்கும் பாடம்

இவ்வாண்டு எங்கள் வகுப்பு நூலகப் பொறுப்பை ஏற்க எங்களுள் ஒருவரும் முன்வரவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். விளையாட்டுத் தலைவிக்குப் போட்டி இருந்தது. நூலகப் பேழையின் சாவிக்குப் போட்டி இல்லை. சாவியைப் பெற்றுக்கொண்டவளும் நூல் கிழிந்தால் யார் பதில் சொல்வது என்று அஞ்சிப் பேழையைப் பூட்டியே வைத்திருந்தாள். நாங்களும் கேட்கவில்லை. தாலந்தை மண்ணில் புதைத்துவிட்டு அது பத்திரமாக இருக்கிறது என்று நிம்மதி கொண்ட ஊழியனின் கதையை மறைக்கல்வி வகுப்பில் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்த ஊழியன் நாங்கள்தாம் என்பது ரங்கநாதனின் வரலாற்றைப் படித்த பிறகே விளங்கியது.

இப்போது வாரம் இருவராக முறைவைத்து, நண்பகல் இடைவேளையில் பேழையைத் திறக்கிறோம். ஆறாம் வகுப்புத் தங்கைகளும் வருகிறார்கள். இரண்டு நூல்களின் அட்டை கிழிந்துவிட்டது, ஒட்டி வைத்திருக்கிறோம். படித்ததால் கிழிந்த நூலைக் கண்டு ரங்கநாதன் வருந்தியிருக்க மாட்டார் என்று நம்புகிறோம். நமக்குக் கிடைக்கும் பணி விரும்பியதாயினும் விரும்பாததாயினும், அதைப் பிறருக்குப் பயன்படச் செய்து நாமும் உயர்வோமாக!