படத்தில் உலகைக் காட்டிய ஆசிரியர்

ஆறாம் வகுப்பில் எங்களுக்கு ஆங்கிலம் படிப்பித்த ரீச்சர் கடகத்தோடுதான் வகுப்புக்கு வருவார். பூட்டு, அகப்பை, கத்தரிக்காய், கிழிந்த குடை என்று ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைப்பார். பெயரைச் சரியாகச் சொல்பவருக்கே பொருள். பிறகு மணியடிக்கும்வரை சந்தைதான். விலை கேட்பதும் பேரம் பேசுவதும் சண்டை பிடிப்பதும் எல்லாம் ஆங்கிலத்தில். இந்த விளையாட்டுக்கு ஒரு மூதாதை இருந்தார் என்பதை நானும் ஆசிரியையாகப் பயிற்சி பெற்றபோதுதான் அறிந்தேன். அவர்தான் கொமேனியஸ்.

யான் ஆமொஸ் கொமென்ஸ்கி என்பது அவருடைய செக் மொழிப் பெயர். இன்றைய செக் குடியரசின் ஒரு பகுதியான மொறேவியாவில் 1592 மார்ச் 28இல் பிறந்தார். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தார். பள்ளிக்கூடத்தில் இலத்தீன் படிக்கத் தொடங்கியபோது பையன் ஓரளவு வளர்ந்திருந்தான். அதனால் மற்றப் பிள்ளைகள் பிரம்புக்குப் பயந்து நெட்டுருப் பண்ணிய இலக்கணத்தை அவனால் நின்று யோசித்துப் பார்க்க முடிந்தது. பொருளை அறியாமல் சொல்லை மட்டும் விழுங்குவது எவ்வளவு வீண் என்பது அங்கேதான் அவன் மனதில் பதிந்திருக்கவேண்டும்.

பின்னர் ஜேர்மனியில் படித்து, தன் சிறிய புரட்டஸ்தாந்து சபைக்குப் போதகரானார். முப்பதாண்டுப் போர் அவருடைய வாழ்வைச் சிதறடித்தது. 1622இல் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கொள்ளைநோய் கொண்டுபோயிற்று. 1628இல் தாய்நாட்டைவிட்டுப் போலந்திலுள்ள லெஷ்னோவுக்குப் போனவர், பிறகு நாடு திரும்பவே இல்லை.

லெஷ்னோவில் படிப்பித்துக்கொண்டே அவர் எழுதிய இலத்தீன் பாடநூல் 1631இல் வெளிவந்தது. அதில் ஏறக்குறைய எட்டாயிரம் சொற்களை ஆயிரம் வசனங்களில் அடக்கி, பொருள்வாரியாக அடுக்கியிருந்தார். நூல் பல ஐரோப்பிய மொழிகளுக்குப் போயிற்று. இங்கிலாந்தும் சுவீடனும் அவரை அழைத்தன. ஆனால் புகழுக்கு நடுவிலும் ஒரு குறை அவருக்குத் தெரிந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு அந்த நூல் இன்னும் கடினமாகவே இருந்தது.

1650இல் சுசன்னா லொராண்ட்பி என்ற பிரபுகுலப் பெண்மணியின் அழைப்பில் ஹங்கேரியின் சாரோஷ்பட்டாக் பள்ளிக்குப் போனார். அங்கே பாடநூலை எட்டு நாடகங்களாக மாற்றினார். தொலமி அரசன் உலகத்தை அறிய விரும்புகிறான். பிள்ளைகள் ஒவ்வொருவராக மேடைக்கு வந்து தம் தொழிலையும் பொருட்களையும் இலத்தீனில் விளக்குகிறார்கள். பள்ளியில் கூத்தாடுவதா என்று முதலில் எதிர்ப்பு எழுந்தது. மேடையேறிய பின்னரோ பெற்றோர் மகிழ்ந்தார்கள். கலைவிழாவுக்கு வசனம் பாடமாக்கிய எங்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. இலக்கணம் மறந்துபோனாலும் வேஷம் கட்டிப் பேசிய வரி மறப்பதில்லை.

அவருடைய படப் புத்தகம் உருவானதும் அந்த ஆண்டுகளில்தான். நூற்றைம்பது பாடங்கள். ஒவ்வொன்றின் மேலும் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட ஒரு படம். படத்தில் உள்ள பொருட்களுக்கு இலக்கங்கள் இருக்கும். கீழே வசனத்தில் அதே இலக்கம் அந்தப் பொருளின் சொல்லோடு நிற்கும். ஒரு பக்கம் இலத்தீன், மறுபக்கம் பிள்ளையின் சொந்தமொழியான ஜேர்மன். தொடக்கத்தில் எழுத்துக்களுக்கு விலங்குகளின் ஒலிகள் வரும். காகம் 'ஆ' என்று கரையும், செம்மறிக்குட்டி 'பே' என்று கத்தும், கரடி 'ம்' என்று உறுமும். ரொட்டி சுடுபவர், தையற்காரர், அச்சுக்கூடம் எல்லாமே பாடங்கள்தான். பிள்ளைகள் அந்தப் படங்களைத் தாமே வரைந்து பார்க்கட்டும் என்பது அவர் விருப்பம். இத்தனைக்கும் நடுவில் தாய்மொழியை அவர் கைவிடவில்லை. முதலில் சொந்தமொழி, அதன்மேல்தான் பிறமொழி என்பதில் உறுதியாக இருந்தார்.

பெண்பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பவேண்டும் என்று தன் கல்வி நூலில் எழுதியவரும் அவரே. அதைப் பெரிதும் கணவன், பிள்ளைகள், வீடு ஆகியவற்றின் நலனோடு முடிச்சுப் போட்டது எனக்கு உவப்பில்லை. ஆனாலும் அந்தக் காலத்தில் கதவைத் திறக்கச் சொன்ன குரல்கள் மிகச் சிலவே.

படப் புத்தகம் அச்சேறும் முன்னரே இன்னோர் இடி விழுந்தது. 1656இல் லெஷ்னோ எரிந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்த்த செக்-இலத்தீன் அகராதியின் கையெழுத்துப் பிரதியும் அதோடு போயிற்று. நூல்கள் எரிவது என்றால் என்ன என்று யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அவருக்கு அப்போது அறுபத்து நான்கு வயது. அம்ஸ்ரடாமில் ஒரு செல்வந்தக் குடும்பம் அடைக்கலம் கொடுத்தது.

அங்கிருந்தபோது, 1658இல், படப் புத்தகம் நூரெம்பேர்க் நகரில் வெளிவந்தது. அதே ஆண்டில்தான் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தார்கள். மறு ஆண்டே நூல் ஆங்கிலத்தில் வந்தது. நூறாண்டுக்குப் பின்னும் ஜேர்மன் கவிஞர் கேதே சிறுவனாக இருந்தபோது அதைப் பார்த்து வளர்ந்தார்.

1670 நவம்பர் 15இல் கொமேனியஸ் அம்ஸ்ரடாமில் காலமானார். அருகிலுள்ள நார்டன் என்ற சிற்றூரின் தேவாலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். அவர் பிறந்த மார்ச் 28 செக் நாட்டில் இன்று ஆசிரியர் தினம். பிள்ளைகள் அன்று பூக்களோடு வகுப்புக்கு வருகிறார்கள்.