செத்த நட்சத்திரத்தைச் சுற்றி உயிர் இருக்குமா? சந்திரசேகரின் 1.4 சொல்லும் கணக்கு

திருச்சி பாலக்கரையில் பஸ் ஏறி, காவிரிப் பாலத்தைத் தாண்டினால் கொஞ்ச நேரத்தில் திருவானைக்காவல் வந்துவிடும். 1888-ல் சி.வி. ராமன் பிறந்த ஊர். அவருடைய அப்பா அப்போது திருச்சியில் ஆசிரியர். இது திருச்சிக்காரர்கள் பலருக்கும் தெரியும். ராமனின் அண்ணன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகரும் நோபல் பரிசு வாங்கியவர் என்பதும் தெரிந்திருக்கலாம்.

ஆனால் அவர் கண்டுபிடித்தது என்ன? வேற்றுக் கிரகங்களில் உயிரைத் தேடும் இன்றைய ஆய்வுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

ஹோட்டலில் கிடைத்த பாடம்

சந்திரசேகர் பிறந்தது 1910 அக்டோபர் 19-ல், லாகூரில். அப்பா சுப்பிரமணிய ஐயருக்கு ரயில்வே தணிக்கைத் துறையில் வேலை. 1918-ல் குடும்பம் சென்னைக்கு வந்தது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, பிறகு மாநிலக் கல்லூரி.

1928-ல் ஜெர்மன் இயற்பியலாளர் அர்னால்ட் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். மாணவர் சந்திரசேகர் அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே போய்விட்டார். அதுவரை படித்த அணு இயற்பியல் பழசாகிவிட்டது என்று அங்கேதான் தெரிந்தது. அவர் துவண்டுவிடவில்லை. புதிய குவாண்டம் கணக்குகளைத் தானே கற்றுக்கொண்டார்.

கப்பலில் போட்ட கணக்கு

1930 ஜூலை இறுதியில், அரசு உதவித்தொகையோடு கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறினார். வயது 19. அம்மா சீதாலட்சுமிக்கு உடம்பு மோசமாக இருந்தது. இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்தவர் அவர். மகன் போகத்தான் வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். அடுத்த ஆண்டே அவர் காலமானார். மகனால் திரும்பி வந்து பார்க்க முடியவில்லை.

அந்தப் பயணத்தில் சந்திரசேகர் யோசித்தது வெண்குள்ளன் பற்றி. அது என்ன? எரிபொருள் தீர்ந்துபோன நட்சத்திரத்தின் மிச்சம். ஏறக்குறைய பூமி அளவே இருக்கும், ஆனால் ஒரு டீஸ்பூன் எடுத்தால் பல டன் எடை. எலெக்ட்ரான்களை ஓர் அளவுக்கு மேல் நெருக்க முடியாது. அந்த எதிர்ப்புதான் அது மேலும் நொறுங்காமல் தாங்கி நிற்கிறது.

எடை கூடினால் எலெக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கும். அப்போது ஐன்ஸ்டீனின் சார்பியலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சேர்த்ததும் ஒரு வரம்பு தெரிந்தது. சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு நிறை. அதற்கு மேல் வெண்குள்ளனால் தாங்க முடியாது. இதுவே சந்திரசேகர் வரம்பு.

சபையில் நேர்ந்த அவமானம்

1935 ஜனவரி 11. லண்டன் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் 24 வயது சந்திரசேகர் தன் முடிவை வாசித்தார். அடுத்துப் பேசிய ஆர்தர் எடிங்டன், அந்தக் காலத்தின் மிகப் பெரிய வானியலாளர், அதைக் கேலி செய்தார். ஒரு நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்ள இயற்கை விடாது என்பது அவர் வாதம். சபை சிரித்தது. கணக்கு சரி என்று தெரிந்த சில பெரியவர்களும் வெளிப்படையாகப் பேச முன்வரவில்லை.

சந்திரசேகர் சண்டைக்குப் போகவில்லை. 1936-ல் லலிதாவைத் திருமணம் செய்துகொண்டார். 1937-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். நட்சத்திரங்களின் அமைப்பு பற்றி ஒரு புத்தகம் எழுதிவிட்டு வேறு துறைக்கு நகர்ந்தார். எடிங்டன் 1944-ல் இறந்தபோது அவரைப் பாராட்டி அஞ்சலி செலுத்தினார். நோபல் பரிசு வந்தது 1983-ல், அந்தக் கூட்டம் முடிந்து 48 ஆண்டுகள் கழித்து. 1995-ல் சிகாகோவில் காலமானார்.

சரி, உயிர் எங்கே வருகிறது?

நட்சத்திரத்தின் மையம் 1.4-க்கு மேல் போனால் நொறுங்கும். மிஞ்சுவது நியூட்ரான் நட்சத்திரம் அல்லது கருந்துளை. 1992-ல் ஒரு நியூட்ரான் நட்சத்திரத்தைச் சுற்றிக் கிரகங்கள் இருப்பது உறுதியானது. ஆனால் அங்கே கதிர்வீச்சு கடுமை. உயிருக்கு நம்பிக்கை குறைவு.

1.4-க்குக் கீழே கதை வேறு. வெண்குள்ளன் வெடிக்காது, அடுப்பில் மிஞ்சிய தணல் மாதிரி நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகள் மெதுவாக ஆறும். தண்ணீர் திரவமாக இருக்க, கிரகம் அதிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் சுற்ற வேண்டும். சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தில் நூறில் ஒரு பங்கு. அங்கே ஒரு வருஷம் என்பது சுமார் அரை நாள். ஒரு பக்கம் எப்போதும் பகல், மறு பக்கம் எப்போதும் இரவு.

சிக்கலும் உண்டு. வெண்குள்ளன் ஆவதற்கு முன் நட்சத்திரம் பெரிதாக ஊதி, பக்கத்தில் உள்ள கிரகங்களை விழுங்கிவிடும். அதனால் தொலைவில் தப்பிய கிரகம் ஒன்று பிறகு உள்ளே நகர்ந்து வர வேண்டும். அது நடக்குமா?

நடக்கலாம் என்பதற்கு 2020-ல் ஒரு தடயம் கிடைத்தது. சுமார் 80 ஒளியாண்டு தொலைவில், டபிள்யூ.டி. 1856 என்ற வெண்குள்ளனை வியாழன் அளவுள்ள ஒரு பொருள் 34 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றி வருகிறது. அங்கே குளிர் அதிகம், உயிருக்கு ஏற்ற இடம் இல்லை. ஆனால் அவ்வளவு நெருக்கத்துக்குக் கிரகம் வர முடியும் என்று காட்டிவிட்டது.

இன்னொரு வசதி: வெண்குள்ளன் சின்னது. பூமி அளவுள்ள கிரகம் குறுக்கே போனால் அதன் வெளிச்சத்தில் பெரும்பகுதி மறையும். அதனால் கிரகத்தின் காற்றை ஆராய்வதும் சுலபம். உயிரின் அடையாளத்தை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி கொண்டு இங்கே தேடலாம் என்று விஞ்ஞானிகள் சொல்வது இதனால்தான்.

இது எங்கோ நடக்கும் விஷயம் மட்டும் இல்லை. நம் சூரியனும் 1.4-க்குக் கீழேதான். இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகளில் ஊதிப் பெருத்து, பிறகு ஒரு வெண்குள்ளனாகச் சுருங்கும். பால்வெளியின் நட்சத்திரங்களில் 100-க்கு 90-க்கும் மேல் இதே முடிவுதான். சபை சிரித்த அந்த எண்ணுக்குக் கீழேதான் நம் சூரியனின் எதிர்காலமும் இருக்கிறது.